மறைந்த ஸ்டாம்ப் நண்பருக்கு 16 பக்க நினைவு ஃப்ரேம்

ஸ்டாம்ப் சேகரிப்போர் சங்கத்தில் எல்லோருக்கும் வேண்டிய மூத்த சேகரிப்பாளர் மறைந்தால், மாலை போட்ட படம், ஒரு நிமிட மௌனம் என்று முடித்துவிடுகிறோம். அவர் சேர்த்ததை அவர் அடுக்கிய விதத்திலேயே ஒரு ஃப்ரேமில் வைப்பது இன்னும் பொருத்தம். கண்காட்சி ஃப்ரேம் என்றால் 16 ஏ4 தாள், நான்கு வரிசை.

முதலில் குடும்பம். 16ஆம் நாள் காரியம் முடியும்வரை ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். பிறகு இருவராகப் போங்கள். இருவருக்குமே வாங்கும் எண்ணம் இருக்கக் கூடாது. வீட்டார் விலை கேட்டால், ஆல்பப் பக்க ஓரத்தில் பென்சிலில் இருக்கும் தொகை பெரும்பாலும் அவர் வாங்கிய விலை, இன்றைய விலையல்ல என்று மட்டும் சொல்லுங்கள்.

எதையும் கழற்றுமுன் ஆல்பங்களுக்கு எண் போட்டு, பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். இதைச் செய்யாமல்தான் பலரும் காரியத்தைக் கெடுக்கிறார்கள். 1948 காந்தி ஸ்டாம்ப் வரிசையை எடுத்துக்கொள்வோம்: 1½ அணா, 3½ அணா, 12 அணா, 10 ரூபாய். பத்து ரூபாய்க்குப் போலிகள் நிறைய. அவர் அந்த இடத்தில் போலியை வைத்து, கீழே பென்சிலில் 'நகல்' என்று எழுதியிருப்பார். ஸ்டாம்பை மட்டும் எடுத்து ஸ்டாக் புக்கில் (ஸ்டாம்பைச் செருகி வைக்கும் பட்டைகள் உள்ள புத்தகம்) செருகினால் குறிப்பு பழைய தாளிலேயே நின்றுவிடும். நாளை யாரோ அதை அசல் என்று விற்பார்கள். குறிப்போடு சேர்ந்த பக்கம்தான் அவருடைய சேகரிப்பு. ஸ்டாம்ப் யாரிடமும் கிடைக்கும்.

பெயர் எழுதிய கவர்களில் மற்ற உறுப்பினர்கள் பார்க்கக் கொடுத்தவையும் இருக்கலாம். அவற்றைத் தனிப் பட்டியலிட்டு, வீட்டார் முன்னிலையில் திருப்பிக் கொடுங்கள்.

கடலோர ஊர்களில் ஈரம் பெரிய எதிரி. பூட்டிக் கிடந்த அலமாரியில் பசை இளகி, மின்ட் ஸ்டாம்ப் (பயன்படுத்தாத, பசையோடு உள்ள ஸ்டாம்ப்) தாளோடு ஒட்டியிருக்கும். நகத்தால் பெயர்க்கவோ தண்ணீரில் போடவோ கூடாது. பசை போனால் மதிப்பும் போச்சு. மூடியுள்ள டப்பாவின் அடியில் ஈர ஸ்பாஞ்ச், அதன்மேல் வலைத் தட்டு, தட்டில் அந்தத் தாள் என்று வைத்து மூடுங்கள். அரை மணிக்கொருமுறை திறந்து பாருங்கள். தானாக விட்டுக்கொடுக்கும்போது ட்வீசரால் தூக்கி, பசைப்பக்கம் மேலே இருக்க உலர்த்துங்கள். பழுப்புப் புள்ளி விழுந்தவற்றை உடனே பிரித்து வையுங்கள், மற்றவற்றுக்கும் தொற்றும்.

இனி ஃப்ரேம். முதல் தாளில் பெயர், ஆண்டுகள், அவருக்குப் பிடித்த துறை, நான்கு வரி. போதும், பட்டங்களை அடுக்க வேண்டாம். அடுத்த பத்துத் தாள்களில் அவர் கையெழுத்துள்ள பக்கங்களை அப்படியே வையுங்கள், எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாதீர்கள். அடுத்த நான்கில், முதல் நாள் உறை (ஸ்டாம்ப் வெளியான நாளின் முத்திரை விழுந்த கவர்), பொங்கல் வாழ்த்து என்று அவர் நண்பர்களுக்கு அனுப்பிய கவர்கள். இவை வீட்டில் இருக்காது, உறுப்பினர்களிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். கடைசித் தாளில் அவர் தேடிக்கொண்டிருந்தவற்றின் பட்டியல்; யாரிடமாவது அவை இருந்தால் அங்கே வைக்கட்டும்.

செல்லோடேப் வேண்டவே வேண்டாம், பசை ஊறி மஞ்சளாகும். கவரின் மூலைகளை போட்டோ கார்னரில் செருகுங்கள். மேலே போடும் பிளாஸ்டிக் உறைக்கு பாலிப்ரோபிலீன் நல்லது. பிவிசி நாளடைவில் ஸ்டாம்பைக் கெடுக்கும். நிரந்தரமாகச் சுவரில் மாட்டுவதானால் கலர் நகலை மாட்டுங்கள், வெளிச்சத்தில் அசல் வெளிறிவிடும்.

அவர் நினைவாகத் தனி அஞ்சல் உறை அச்சிடுவோர் பளபளப்பில்லாத கவரையே எடுங்கள். வழவழப்பான தாளில் முத்திரை மை காயாமல் இழுவும். உள்ளே ஓர் அட்டை வைத்தால் முத்திரை தெளிவாக விழும். படம் இடது பாதியோடு நிற்கட்டும்.

ஒன்று பலருக்கும் விட்டுப்போகும்: அஞ்சல்துறையில் அவருக்கு ஸ்டாம்ப் டெபாசிட் கணக்கு (முன்பணம் கட்டிப் புது ஸ்டாம்புகளைப் பெறும் கணக்கு) இருந்தால், அவர் பெயருக்குப் புது வெளியீடுகள் வந்துகொண்டே இருக்கும். கணக்கை மூடி மீதிப் பணத்தை வாங்குவதற்கு வாரிசு சார்பில் எழுதிக் கொடுக்க உதவுங்கள்.