ஆர்.ஓ. பிளான்ட்டை மாடியிலிருந்தே நிறுத்த வயரிங்: பிளஷ் முடிந்த பிறகே நிற்க வேண்டும்

எங்கள் குடியிருப்பில் மணிக்கு 500 லிட்டர் ஆர்.ஓ. பிளான்ட் கீழே மோட்டார் ரூமில் இருக்கிறது, நான் நான்காவது மாடியில். ஒவ்வொரு முறையும் இறங்கி ஏற முடியாமல், மெயின் சப்ளையிலேயே ஒரு வைஃபை ரிலே போட்டு மேலிருந்து ஆஃப் செய்துகொண்டிருந்தேன். அது பெரிய தவறு. 1500 டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) நீரில் பாதியை நல்ல நீராக எடுத்தால், வேஸ்ட் பக்கம் நிற்பது ஏறக்குறைய 3000. சப்ளையை வெட்டியதும் அந்த நீர், உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பரேனுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. உப்பு படிந்து மெம்பரேனையே மாற்ற வேண்டியதாயிற்று.

அதனால் மேலிருந்து போவது 'நிறுத்து' என்ற சொல் மட்டும்தான், பிளஷ் செய்துவிட்டு, அதாவது சுத்திகரிக்காத ரா வாட்டரால் மெம்பரேனைக் கழுவிவிட்டு, கரண்ட்டை வெட்டுவது மோட்டார் ரூம் பேனலின் வேலை.

முதலில் எம்.சி.பி. ஆஃப், டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மூன்று பேஸ் பேனல் என்றால் வயர்மேனை வைத்துச் செய்யுங்கள்.

பேனலில் ஒரு 24 வோல்ட் டிசி எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை), இரண்டு செட் கான்டாக்ட் உள்ள ஒரு 24 வோல்ட் ரிலே. பிளஸ்ஸிலிருந்து மாடியில் உள்ள சுவிட்ச், அங்கிருந்து ரிலே காயில், பிறகு மைனஸ். சுவிட்ச் மூடியிருந்தால்தான் பிளான்ட் ஓடும் என்று வையுங்கள். எலி வயரைக் கடித்தாலும் பிளான்ட் நிற்குமே தவிர, நிறுத்த முடியாமல் ஓடாது. காயிலின் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். இந்த வயரை மோட்டார் கேபிள் போகும் பைப்பில் சேர்த்து இழுக்காதீர்கள்.

கண்ட்ரோலர் கார்டு உள்ள பிளான்ட் என்றால் சுலபம், டேங்க் நிறைந்துவிட்டது என்று கார்டை நம்ப வைத்தால் போதும். டேங்க்கின் மிதவை சுவிட்சான ஃப்ளோட், நிறைந்ததும் திறக்கும் வகை என்றால் ரிலேயின் என்.ஓ. (காயிலுக்குக் கரண்ட் வந்தால் மூடும்) கான்டாக்ட்டை அதோடு சீரியஸில், நிறைந்ததும் மூடும் ஃப்ளோட் என்றால் என்.சி. (கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும்) கான்டாக்ட்டை பேரலலில். அந்த டெர்மினலுக்கு வெளியிலிருந்து வோல்டேஜ் எதுவும் கொடுக்கக் கூடாது, கார்டு போய்விடும். நிற்கும்போது பிளஷ் செய்யும் செட்டிங் கார்டில் இருந்தால் ஆன் செய்துவிடுங்கள்.

கார்டு இல்லாமல் வெறும் கான்டாக்டர்கள்தான் (பம்ப்பை ஓட்டும் பெரிய ரிலேக்கள்) என்றால் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஃப்ளோட்டையும் அந்த 24 வோல்ட் லூப்பில் சீரியஸாகக் கொண்டுவாருங்கள், தண்ணீர்த் தொட்டிக்குள் 230 வோல்ட் போவதும் நின்றுவிடும். ரிலேயின் முதல் என்.ஓ. கான்டாக்ட், ஓவர்லோடின் 95-96 (ஓவர்லோடு ஆனால் திறக்கும் கான்டாக்ட்), லோ பிரஷர், ஹை பிரஷர் சுவிட்ச் வழியாக ஹை பிரஷர் பம்ப் கான்டாக்டரின் காயில் முனையான ஏ1-க்கு. மருந்து கலக்கும் டோசிங் பம்ப்பும் இந்தக் கான்டாக்டரோடுதான் ஓட வேண்டும், பிளஷ் நேரத்தில் அதற்கு வேலையில்லை. இரண்டாவது என்.ஓ. கான்டாக்ட் ஒரு ஆஃப்-டிலே டைமரின் (சிக்னல் நின்ற பிறகும் வைத்த நேரம்வரை ஓட்டும் டைமர்) சிக்னலுக்கு, அதில் 60 செகண்ட் வையுங்கள், அந்த டைமர் ரா வாட்டர் பம்ப்பை ஓட்டட்டும். ரா வாட்டர் பம்ப்பின் ஓவர்லோடும் அதன் காயில் லைனில் சீரியஸாக இருக்க வேண்டும்.

பிளஷ் சோலனாய்டு வால்வுக்கு லைனை, ரா வாட்டர் பம்ப் காயிலுக்கு வரும் லைனிலிருந்து எடுத்து, ஹை பிரஷர் கான்டாக்டரின் 21-22 (அதன் என்.சி. கான்டாக்ட்) வழியாகக் கொடுங்கள். ரா வாட்டர் ஓடுகிறது, ஹை பிரஷர் ஓடவில்லை என்றால் பிளஷ் திறக்கும். நிறுத்தும்போது 60 செகண்ட் கழுவும், ஆரம்பிக்கும்போதும் ஹை பிரஷர் பம்ப் எடுக்கும்வரை தானாகவே கழுவும். எனக்கு மிகவும் பிடித்த இணைப்பு இது.

ஊருக்குப் போகும் நாட்களில் தினமும் ஒருமுறை பிளஷ் செய்ய, இன்னொரு ரிலேயின் என்.ஓ. கான்டாக்ட்டை டைமர் சிக்னலுக்கு மட்டும் பேரலலில் கொடுங்கள். வைஃபை ரிலே என்றால் ஒரு செகண்டில் தானே விடும் மோடில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சம்ப் முழுவதும் வடிகாலில் போய்விடும்.

தூரத்து கான்டாக்ட் எதையும் லோ பிரஷர் சுவிட்சுக்குப் பேரலலில் போடவே கூடாது, தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடி சீல் எரியும். அப்புறம், பேனலில் லோக்கல்-ஆஃப்-ரிமோட் செலக்டர் கட்டாயம். கார்ட்ரிட்ஜ் கழற்றும் ஆளுக்குத் தெரியாமல் மேலிருந்து யாரோ ஆன் செய்துவிடலாம், கரண்ட் போய் வந்தாலும் பிளான்ட் தானே எடுத்துக்கொள்ளும்.

முடித்ததும் மாடி வயரில் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். ஹை பிரஷர் பம்ப் உடனே நின்று, ரா வாட்டரும் பிளஷ்ஷும் 60 செகண்ட் ஓடி நிற்க வேண்டும். அந்தக் கடைசி நொடிகளில் வேஸ்ட் நீரின் டி.டி.எஸ். ரா வாட்டருக்குச் சமமாக வந்திருக்க வேண்டும், வரவில்லை என்றால் டைமரை 90-க்கு ஏற்றுங்கள்.