பல் கிளினிக்கில் ஊசி குத்திவிட்டால்

மரப்பு ஊசி போட்டுவிட்டு மூடியை மாட்டும்போது சுருக்கென்று குத்திவிடும். உடனே விரல் வாய்க்குப் போகும், இல்லையென்றால் ரத்தத்தைப் பிதுக்கத் தோன்றும். இரண்டும் வேண்டாம். கிளவுஸைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டெட்டால், ஸ்பிரிட் எதுவும் ஊற்றாதீர்கள். ஸ்கேலிங் (பல் சுத்தம்) செய்யும்போது ரத்தமோ எச்சிலோ கண்ணில் தெறித்தால் வெறும் தண்ணீரோ சலைனோ போதும்.

"ஆள் பார்க்க நல்லாத்தானே இருக்கார்" என்று விட்டுவிடக் கூடாது. நோயாளி நாற்காலியை விட்டு எழும் முன்பே, சம்மதம் கேட்டு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். உங்களுக்கும் அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். ராத்திரி என்றால் நேரே அவசரப் பிரிவு.

எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் நடுங்குகிறார்கள். அது ஊசிக் குத்தில் தொற்ற வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ 30 சதவீதம் வரை! உதவியாளருக்கும் 3 டோஸ் போட்டாயிற்றா என்று இன்றே கேளுங்கள். மூடியை டிரேயில் கிடத்தி, ஒற்றைக் கையால் ஊசியை அதற்குள் நுழைத்துப் பழகுங்கள்.