கடலோரத் தொல்லியல் களங்களில் முத்துக்குளிப்பின் சான்றுகளை மதிப்பிடும் முறை

கடலோரத் தொல்லியல் களமொன்றில் முத்துச்சிப்பி ஓடுகள் மேடாகக் குவிந்து கிடப்பதைக் கண்டதும், அங்கு வாழ்ந்தோர் முத்துக்காகவே கடலில் மூழ்கினர் என்று எழுதிவிடக் கூடாது. சிப்பியின் சதை உணவாகியிருக்கலாம், ஓடு கருவியாகியிருக்கலாம். அரேபியக் கரையின் புதிய கற்கால மக்கள், பிங்டாடா மார்கரிடிஃபெரா என்னும் பெரிய முத்துச்சிப்பியின் தடித்த ஓட்டை அறுத்துத் தேய்த்துத் தூண்டில் முட்கள் செய்தனர். ஆகவே முதலில் ஓடுகளை இனவாரியாகப் பிரித்து எண்ணி, அளந்து, அறுத்த தடமும் நெருப்புப்பட்ட தடமும் எவற்றில் உள்ளன என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிங்டாடா ரேடியாட்டா என்னும் சிறிய இனம் ஆழம் குறைந்த நீரிலும் வளர்வதால், அதன் ஓடு மட்டும் ஆழ்கடல் மூழ்குதலுக்குச் சான்றாகாது.

அடுத்து முத்தைத் தேட வேண்டும். அது பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும் என்பதால், அகழ்ந்த மண்ணை நுண்ணிய கண்ணுள்ள சல்லடையில் நீர்விட்டு அலசுவது இன்றியமையாதது. பருமனான சல்லடையைப் பயன்படுத்திவிட்டு, முத்து கிடைக்கவில்லை என்று அறிக்கை எழுதுவதில் பொருளில்லை. முத்து கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அமிலம் பட்டால் கரையும். எனவே படிந்த மண்ணை நீக்க அமிலத்தைத் தொடவே கூடாது. அமிலத்தன்மையுள்ள மண்ணில் முத்து தானாகவே அழிந்துவிடும். சிப்பிமேடோ தன் சுண்ணாம்பினால் மண்ணின் அமிலத்தைத் தணித்து, தன்னுள் கிடக்கும் முத்தையும் எலும்பையும் காத்துவைக்கிறது.

கிடைத்த முத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்துத் துளையைப் பார்க்க வேண்டும். என் கணிப்பில் இதுவே மிக வலுவான சான்று; சிப்பியை உண்ணும்போது தற்செயலாகக் கிடைத்த முத்தாயினும், துளையிடப்பட்டிருந்தால் அதை ஒருவர் மதித்துப் போற்றினார் என்பது உறுதி. இருபுறமிருந்தும் துளைத்தனரா, பாதியில் நிறுத்தினரா என்பதையும் பதிய வேண்டும். குவைத்தின் அஸ்-சபியா பகுதியிலுள்ள எச்3 களத்தில் துளையிட்ட முத்து கிடைத்தது. அதே களத்தில், ஒரு பக்கம் கொட்டலசுகள் (கடலில் கிடக்கும் பொருள்களில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு உயிரிகள்) ஒட்டிய நிலக்கீல் துண்டுகளும் கிடைத்தன. நாணற் படகுகளின் மேற்பூச்சான அவை, அம்மக்கள் கடலில் சென்றதைக் காட்டுகின்றன. இவ்விரண்டும் ஒருங்கே கிடைக்கும்போதுதான் வாதம் வலுப்பெறுகிறது.

முத்து அரியது என்பதால், அதன் ஒரு பகுதியை அழித்துக் கதிர்க்கார்பன் முறையில் காலம் கணிக்கப் பெரும்பாலும் முன்வருவதில்லை. அது கிடந்த மண்ணடுக்கின் கரியைக் கொண்டே காலத்தை அறிய வேண்டும். ஓட்டைப் பயன்படுத்தினால், கடல்நீரிலுள்ள பழைய கார்பன் காரணமாகக் காலம் சில நூறாண்டுகள் பின்னோக்கித் தோன்றும். அதற்குத் திருத்தம் வேண்டும். அபுதாபியின் மராவா தீவில், கற்கட்டட அறையொன்றின் தரையில் கிடைத்த முத்தின் காலம் அடுக்குகளைக் கொண்டே கி.மு. 5800–5600 என நிறுவப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தின் உம் அல் குவைனில் கல்லறையில் கிடைத்த முத்து ஏறத்தாழ கி.மு. 5500ஐச் சேர்ந்தது. கல்லறை முத்துகளுக்கு, அவை உடலின் எப்பகுதியை ஒட்டிக் கிடந்தன என்ற வரைபடம் கட்டாயம் தேவை. முத்தை வெளியே எடுத்த பின் அத்தகவலை எவ்வகையிலும் மீட்க முடியாது.

இறுதியாக, எலும்புக்கூடுகள் இருப்பின் காதுத்துளையில் மிகை எலும்பு வளர்ச்சி உள்ளதா என ஆராயலாம். அடிக்கடி நீரில் மூழ்குவோருக்கு அது உண்டாகிறது. எனினும் குளிர்ந்த நீரே அதன் முதன்மைக் காரணம் என்பதால், வெப்பக் கடல்களில் அது காணப்படாமை மூழ்குதலை மறுக்காது. காணப்பட்டாலும் மூழ்கியது முத்துக்கா, மீனுக்கா என்பதைச் சொல்லாது.