கடலுக்குக் கேமராவைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்: மலையிலிருந்து ஸ்கூபா போகிறவர்களுக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரியிலிருந்து புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் ஸ்கூபா பழகப் போகும் பிள்ளைகள், ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தப்புகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். பேட்டரி சார்ஜ் போட மறப்பது, மெமரி கார்டை வீட்டிலேயே விட்டுவிடுவது எல்லாம் ஒருமுறை பட்டால் தானே சரியாகிவிடும். பணத்தையும் சில நேரம் உயிரையும் தொடுகிற தப்புகள் மட்டும் இங்கே.

மலையிலேயே உறையைப் பூட்டிவிடுவது

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். வீட்டிலேயே கேமராவை அதன் நீர்புகா உறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு இறங்கினால், உள்ளே அடைபட்டிருப்பது மலைக்காற்று. உறையின் கதவு 6 செ.மீ.க்கு 7 செ.மீ. என்றால், கடற்கரையில் அதன்மேல் சுமார் 10 கிலோ எடை உட்கார்ந்த மாதிரி இருக்கும். தாழ்ப்பாளை எடுத்தாலும் கதவு வராது. உடனே ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புவார்கள். தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தில் கீறல் விழுந்தால் அந்த உறை அதோடு சரி.

திரும்பும்போது நேர்மாறு. கீழே பூட்டியது, ஏற ஏற உள்ளிருந்து கதவைத் தள்ளும். மலைப்பாதையில் போகும்போதும் வரும்போதும் தாழ்ப்பாளைத் திறந்தே வையுங்கள். பூட்டுவதை டைவ் அன்று ஏசி அறையில் செய்யுங்கள். படகின் புழுக்கக் காற்றோடு பூட்டினால் ஆழத்தில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படியும்.

ஸ்வெட்டரோடு ஓ-ரிங்கைத் தொடுவது

ஒரு கம்பளி இழை குறுக்கே கிடந்தால் போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

வேசலின்

ஓ-ரிங்கில் தடவாதீர்கள்.

மணிக்கட்டு வாரை மட்டும் நம்புவது

இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வருவது இதுதான். தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்த வார் போதும் என்றே தோன்றும். வினை ஏணியில் வரும். படகு ஏறி இறங்குகிறது. ஏணியைப் பிடிக்க ஒரு கை, காலில் மாட்டிய ஃபின்னை, அதாவது நீந்தும் துடுப்பைக் கழற்ற ஒரு கை. ஃபின் வாரை இழுத்து உருவும் வேகத்தில் மணிக்கட்டு வாரும் சேர்ந்து உருவிக்கொள்ளும். கோத்தகிரித் தம்பி ஒருவர் டைவ் முழுக்கப் பத்திரமாக வைத்திருந்த கேமராவை, படகில் இருந்தவரிடம் நீட்டும்போது இரண்டு கைக்கும் நடுவில் விட்டார். கீழே 18 மீட்டர் ஆழம், கலங்கல், நீரோட்டம். அது இரவல் கேமரா வேறு.

இடது கையில் மாட்டுவது இன்னும் மோசம். காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் பிசிடி ஜாக்கெட்டின் காற்றுக் குழாய் இடது தோளில்தான் தொங்குகிறது. மேலே வரும்போது அதை உயர்த்திக் காற்றை விட வேண்டிய கை, கேமராவைச் சுமந்துகொண்டிருக்கும். காற்றுவிடத் தாமதமானால் மேலெழும் வேகம் கூடும். நுரையீரலுக்கே ஆபத்து.

பிசிடியின் வலது தோளில் உள்ள டி-வளையத்தில் மாட்டுங்கள். அதிலிருந்து கேமராவுக்கு ஒரு சுருள் லேன்யார்ட், அதாவது இணைப்புக் கயிறு. படம் எடுக்காதபோது மார்போடு சுருக்கி வைக்க அதில் ஒரு பக்கிள் இருக்க வேண்டும். நீளமாகத் தொங்கினால் பவளத்தில் இடிக்கும். பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

கொக்கி 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த போல்ட் ஸ்னாப்பாக, அதாவது குமிழை விரலால் பின்னுக்கு இழுத்தால்தான் திறக்கும் வகையாக இருக்கட்டும். அதை உறையின் உலோகத்தில் நேராக மாட்டாதீர்கள். நடுவில் 3 அல்லது 4 மி.மீ. நைலான் கயிற்றில் ஒரு வளையம் போட்டு, முடிச்சின் முனைகளை நெருப்பில் உருக்கிவிடுங்கள். கடலடியில் கிடக்கும் பழைய தங்கூசி வலையில் கேமரா சிக்கினால், அந்தக் கயிற்றைக் கத்தியால் அறுத்துக்கொண்டு விலகலாம். உலோகத்தோடு உலோகத்தைப் பூட்டியிருந்தால் எதை அறுப்பது? ஒவ்வொரு பயணத்துக்கும் கயிற்றை மாற்றுங்கள். ஒரு முழம்கூட ஆகாது.

கேமராவோடு படகிலிருந்து குதிக்காதீர்கள். நீங்கள் இறங்கிய பிறகு மேலிருப்பவர் கொடுக்கட்டும், மாட்டிய பிறகு அவர் கையை விடட்டும். திரும்பும்போது அவர் “பிடிச்சாச்சு” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே கொக்கியைக் கழற்றுங்கள்.

நாய்ச் சங்கிலிக் கொக்கி

கடைத்தெருவில் கிடைப்பதில் பெரும்பாலும் சாதா இரும்பு ஸ்பிரிங்தான். சில டைவிலேயே உப்பு ஏறி இறுகிவிடும். தள்ளினால் உள்பக்கம் மடியும் நாக்கு வைத்த காரபினர் அதைவிட ஆபத்து: கயிறோ வலையோ உரசினாலே தானாகக் கவ்விக்கொள்ளும்.

வாளித் தண்ணீரில் மிதப்பைப் பார்ப்பது

கடல்நீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனம். வீட்டு வாளியில் உறையோடு மெல்ல மூழ்கும் கேமரா கடலில் மிதக்கலாம். லிட்டருக்கு 35 கிராம் உப்பைக் கரைத்துப் பாருங்கள்.

அன்று மாலையே மலையேறுவது

டைவ் முடிந்ததும் உறையைப் பூட்டியபடியே நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, பொத்தான்களை அழுத்தி அழுத்தி விட வேண்டும். அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பொத்தானடியில் உப்பு படிந்தால் அடுத்த முறை அங்கேதான் ஒழுகும்.

உங்கள் உடம்பும் அவசரத்தைத் தாங்காது. கரைந்த நைட்ரஜன் வெளியேறுமுன் உயரத்துக்குப் போனால் அது குமிழாகும். ஊட்டியானாலும் கொடைக்கானலானாலும் விமானப் பயணத்துக்கான அதே காத்திருப்புதான்: ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18. காலை 11 மணிக்குக் கடைசி டைவ் முடிந்ததென்றால், பல டைவ் போட்டிருந்தால் மறுநாள் காலை 5 மணிக்கு முன் மலையடிவாரத்துக் கல்லாறைத் தாண்டி ஏறாதீர்கள்.