ஜிடிஏ ஆட வருபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஜிடிஏ, அதாவது கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ, ராக்ஸ்டார் நிறுவனத்தின் வீடியோ கேம் வரிசை. போலீஸ் கண்ணெதிரே காரைத் திருடுவது, அதன் பழைய கேமான வைஸ் சிட்டியில் நீச்சல் தெரியாத டாமி வெர்செட்டியைக் கடலில் இறக்குவது, ஹெலிகாப்டரை முதல் முயற்சியிலேயே கட்டடத்தில் மோதுவது ஆகியவை பற்றி இங்கே பேச்சில்லை. அவையெல்லாம் இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். இங்கே வருபவை வேறு ரகம். செய்யும்போது தவறு என்றே தெரியாது. முப்பது மணி நேரம் ஆடி முடித்த பிறகுதான் உறைக்கும், அப்போது திரும்பிப் போக வழி இருக்காது. ஜிடிஏ 5 வெளிவந்தது 2013 செப்டம்பரில். இத்தனை ஆண்டுகளாகியும் ஒவ்வொரு தள்ளுபடி விற்பனைக்குப் பிறகும் ஒரு புதுக் கூட்டம் வந்து, முன்பு வந்த கூட்டம் விழுந்த அதே குழியில் விழுகிறது.

லெஸ்டரின் கொலைவேலைகளை வந்த கையோடு முடிப்பது

எரிச்சல் தருவதில் முதலிடம் இதற்குத்தான். ஜிடிஏ 5 கதையில் நாம் மாறி மாறி ஆடுவது மைக்கேல், ட்ரெவர், ஃபிராங்க்ளின் என்ற மூவராக. லெஸ்டர் என்ற மூளைக்காரன் ஃபிராங்க்ளினுக்கு ஐந்து கொலைவேலைகள் தருகிறான். ஒவ்வொரு கொலையும் ஏதோ ஒரு நிறுவனத்தின் ஷேரைச் சரிக்கும், அதன் போட்டியாளரின் ஷேரை ஏற்றும். முன்கூட்டியே சரியான ஷேரை வாங்கி வைத்தவனுக்குப் பணம் கொட்டும். ஐந்தில் முதலாவதான ஹோட்டல் கொலை மட்டும் கட்டாயம், அதை முடிக்காமல் கதை நகராது. மீதி நான்கும் கடைசி ஹைஸ்ட் (பெருங்கொள்ளை) முடியும் வரை, அதற்குப் பிறகும்கூட, காத்திருக்கும். யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

புதியவர் என்ன செய்கிறார்? மேப்பில் குறி நிற்கிறது, போய் முடித்துவிடுகிறார். அப்போது கையில் இருப்பது சில ஆயிரம் டாலர், மிஞ்சினால் ஒரு லட்சம். லெஸ்டர் ஷேர் வாங்கச் சொன்னானே என்று நினைவு வந்து அதைப் போட்டு, இரட்டிப்பானதும் மகிழ்ந்து போகிறார். அந்த மகிழ்ச்சியின் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் கொலையை விட்டுவிடுவோம். மீதி நான்கில் கிடைக்கும் ஏற்றம் ஏறத்தாழ இப்படி (எல்லாம் கேமுக்குள் இருக்கும் நிறுவனங்கள், சில வேலைக்கு இரண்டு): டெபோனேர் 80 விழுக்காடு, ரெட்வுட் 300, ஃப்ரூட் 50, ஃபசாட் 30, வேபிட் 100, கோல்ட்கோஸ்ட் 80. ஒன்றில் வந்த பணத்தை அப்படியே அடுத்ததில் போட்டுக்கொண்டே போனால் போட்ட தொகை சுமார் 50 மடங்காகிறது. 50,000 டாலரோடு இதைத் தொடங்கியவர் 25 லட்சத்தில் நிற்பார். கடைசி ஹைஸ்டில் ஒவ்வொருவருக்கும் 2 கோடிக்கு மேல் கிடைக்கும். அந்த 2 கோடியோடு தொடங்கினால் 101 கோடி. அதே நான்கு மிஷன், அதே துப்பாக்கி, அதே உழைப்பு. வித்தியாசம் எப்போது செய்தீர்கள் என்பதில் மட்டும். இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தொடங்கி, உச்ச விலையில் விற்பவர்கள் கேமின் உச்சவரம்பான 214 கோடியே 74 லட்சத்தையே தொட்டுவிடுகிறார்கள், அதற்கு மேல் எண் ஏறாது.

மிஷன் ரீப்ளே இருக்கிறதே, திரும்ப ஆடிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். ரீப்ளேயில் ஷேர் பணம் ஒட்டாது, அது பதக்கத்துக்கு மட்டும்தான். பழைய சேவ் (சேமித்து வைத்த ஆட்டநிலை) இல்லையென்றால் கதையை முதலிலிருந்து தொடங்குவதுதான் வழி.

சரியான முறை இது. ஹோட்டல் கொலைக்கு முன் கையிலிருப்பதை எல்லாம் பெட்டா மருந்து நிறுவனத்தில் போடுங்கள். சுமார் 50 விழுக்காடு ஏறியதும் விற்று, கவிழ்ந்து கிடக்கும் பில்கின்டனை வாங்கிவிட்டுக் கதையைத் தொடருங்கள். அது மெதுவாக ஏறும், ஒரு வாரம் விட்டுப் பார்த்தால் போதும். பிறகு லெஸ்டர் பக்கமே போகாமல் கதையை முடியுங்கள். இறுதியில் ஃபிராங்க்ளின் முன் மூன்று தெரிவுகள் வரும். முதல் இரண்டில் எதை எடுத்தாலும் மூவரில் ஒருவர் போய்விடுவார், ஷேர் வாங்க ஒரு கை குறையும். மூன்றாவதை எடுங்கள்.

அதன்பின் ஒவ்வொரு கொலைக்கும் வரிசை மாறக்கூடாது. முதலில் மைக்கேலுக்கு மாறி, செல்போனில் இணையத்தைத் திறந்து, பங்குச்சந்தைப் பக்கத்தில் முழுப் பணத்துக்கும் வாங்குங்கள். அடுத்து ட்ரெவர். கடைசியாக ஃபிராங்க்ளின். வாங்கிய கையோடு தனி ஸ்லாட்டில் சேவ். பிறகு மிஷன்.

இரண்டாவது வேலைக்கு முன் டெபோனேர். ஏற்றம் 80 அருகே வந்து நின்றதும் விற்று, அடிவாங்கிக் கிடக்கும் ரெட்வுட்டில் போடுங்கள். கேமுக்குள் இரண்டு நாள் போகட்டும். மூன்றாவதுக்கு முன் ஃப்ரூட். இது மிஷன் முடிந்தவுடனேயே ஏறிவிடும், காத்திருந்தால் இறங்கும். விற்றுவிட்டு ஃபசாட். நான்காவது பேருந்துக் கொலை. இதற்கு முன் எதையும் வாங்காதீர்கள். முந்திய மூன்றிலும் முன்பே வாங்கிப் பழகியவர்கள் இங்கே வேபிடை முன்னாடியே வாங்கி, மிஷன் முடிந்ததும் அது சரிவதை வாயைப் பிளந்து பார்ப்பார்கள். சரிந்த பிறகு வாங்குவதுதான் வழி, ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஐந்தாவதுக்கு முன் கோல்ட்கோஸ்ட்.

நேரத்தைத் தள்ள வேண்டுமென்றால் படுக்கையில் தூங்குங்கள். மைக்கேல் தூங்கினால் 6 மணி நேரம், ஃபிராங்க்ளின் 8, ட்ரெவர் 12. ஆகவே இரண்டு நாள் ஓட்ட ட்ரெவரை நான்கு முறை தூங்க வைத்தால் போதும். ஒவ்வொரு தூக்கத்துக்குப் பிறகும் விலையைப் பாருங்கள். மொத்தமாகத் தூங்கிவிட்டு வந்து பார்த்தால் உச்சம் தாண்டிப் போயிருக்கும்.

இன்னொரு சிக்கல். கேமில் இரண்டு சந்தைகள். எல்சிஎன் உங்கள் கருவிக்குள்ளேயே ஓடும். பாஸாக் ராக்ஸ்டாரின் சர்வரை நம்பியது. பெட்டா, ஃப்ரூட், ஃபசாட், வேபிட் நான்கும் பாஸாக்கில்தான் இருக்கின்றன. நெட் இல்லாமலோ, சர்வர் படுத்திருக்கும்போதோ மிஷனைத் தொடங்கினால் அந்த ஷேரை வாங்கவே முடியாது. முதலில் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லையா, வேறு வேலையைப் பாருங்கள்.

இத்தனை பணம் எதற்கு என்றால், கோல்ஃப் கிளப் ஒன்றே 15 கோடி டாலர். அது வாரம் 2,64,500 டாலர் தரும். போட்ட முதல் திரும்ப 560 வாரத்துக்கு மேல் ஆகும், கேம் உலகிலேயே மோசமான முதலீடு. ஆனாலும் வாங்கிப் பார்க்கும் சுகம் தனி.

ஒரே சேவ் ஸ்லாட்டில் ஓட்டுவது

வேண்டாம். மேலே சொன்ன அத்தனைக்கும் மருந்து இரண்டாவது ஸ்லாட்தான்.

சீட் கோடு போட்ட நிலையில் சேவ் செய்வது

சான் ஆண்ட்ரியாஸ் 2004 கேம், இன்றும் ஆடுகிறார்கள். அதில் ஊர்மக்கள் கலவரம் செய்யும் சீட் கோடை (கேமின் விதியை மாற்றும் ரகசியக் குறியீட்டை) போட்டு, சிரித்து முடித்து, பழக்கதோஷத்தில் சேவ் செய்தால் கலவரம் அந்தச் சேவில் நிரந்தரமாகிவிடும். கோடைத் திரும்ப அடித்தாலும் போகாது. மக்களின் நடத்தையை மாற்றும் கோடுகள் மிஷனுக்குள்ளும் மூக்கை நுழைக்கும். மேட் டாக் என்ற ராப் பாடகன் கட்டட உச்சியில் நிற்கும் மிஷனில், நீங்கள் லாரியைக் கீழே கொண்டு வந்து நிறுத்துவதற்குள் அவன் குதித்துவிடுவான். எத்தனை முறை ஆடினாலும் குதித்துக்கொண்டே இருப்பான். லாரி ஓட்டுவதில்தான் தப்பு என்று நினைத்து மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள், பாவம்.

ஜிடிஏ 5ல் கோடுகள் சேவில் ஒட்டாது. ஆனால் போட்ட கணத்திலிருந்து அந்த அமர்வில் டிராபிகள் (சாதனைக்குக் கிடைக்கும் கோப்பைகள்) வராது, கேமைத் திரும்ப லோடு செய்ய வேண்டும். பணக் கோடு என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது. இருப்பதாகச் சொல்லும் வீடியோ எதையும் திறக்காதீர்கள்.

ஆன்லைனில் முதல் காசைப் பறக்கும் பைக்கில் கொட்டுவது

பலர் சேர்ந்து ஆடும் ஜிடிஏ ஆன்லைனில், ஓப்ரெசர் மார்க் 2 என்ற பறக்கும் பைக் மேல் எல்லாருக்கும் கண். 2022 ஜூலை அப்டேட்டில் அதன் விலை 80 லட்சம் டாலராக ஏறியது. அதை வாங்கியவர் கையில் வேறு எதுவும் இருக்காது, வருமானமும் இருக்காது. பைக்கில் பறந்துகொண்டே ஏழையாக இருப்பார்.

பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பதிப்புகளில் புதுப் பாத்திரத்துக்கு 40 லட்சம் டாலர் தருகிறார்கள். அதில் 30 லட்சத்தையாவது அங்கேயே செலவழிக்க வேண்டும், 10 லட்சம் வரை கையில் வைத்துக்கொள்ளலாம். நான்கு தொழில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பலர் தொழிலை மலிவாக முடித்துவிட்டு மீதியைக் காரில் போடுகிறார்கள். உதாரணத்துக்கு ஆயுத பங்கர், அதாவது ஆயுதம் செய்து விற்கும் நிலவறை. பாலெட்டோ காட்டில் இருப்பது 11,65,000, சுமாஷில் இருப்பது 16,50,000. ஐந்து லட்சம் மிச்சம் என்று வடக்குக் கோடியில் வாங்குபவர், ஒவ்வொரு சப்ளைக்கும் (மூலப்பொருளுக்கும்) மேப்பின் பாதி நீளத்தை ஓட்டுவார். அந்த ஐந்து லட்சத்தை ஒரு மாதத்தில் சாலையிலேயே தொலைத்துவிடுவார்.

பங்கரில் கருவி மேம்பாடு 11,55,000, ஆள் மேம்பாடு 5,98,500. இரண்டும் இருந்தால் 75,000 டாலர் சப்ளையிலிருந்து 2,10,000 டாலர் வரை பெறும் சரக்கு வரும். இல்லாவிட்டால் லாபம் தேய்ந்துவிடும். முதலில் மேம்பாடு, பிறகு கார்.

தனியாளாக ஆடுபவருக்குக் கோசாட்கா நீர்மூழ்கியும் ஒரு நல்ல முதல். 22 லட்சம் டாலர், காயோ பெரிகோ தீவு ஹைஸ்டைத் துணையில்லாமல் முடிக்கலாம்.

சரக்கு முழுதாக நிரம்பட்டும் என்று காத்திருப்பது

தனியாளுக்கு இது தூக்குக் கயிறு. பங்கர் முழுதாக நிரம்பினால் விற்பனைக்குப் பல வண்டிகள் வரலாம், ஓட்ட நீங்கள் ஒருவர்தான். நேரம் ஓடும், ஒன்றை இறக்கிவிட்டு அடுத்ததை எடுக்கத் திரும்புவதற்குள் முடிந்துவிடும். இறங்காத சரக்கு போனது போனதுதான். சரக்கின் அளவைக் காட்டும் பட்டை கால் பங்கைத் தாண்டாதபோது விற்றால் ஒரே வண்டிதான் வரும்.

அதையும் பொது லாபியில் (யார் வேண்டுமானாலும் இருக்கும் ஆட்டக்களத்தில்) செய்யாதீர்கள். சரக்கு ஏறியதும் மற்ற எல்லார் மேப்பிலும் நீங்கள் தெரிவீர்கள், அந்த 80 லட்சம் பைக் வைத்திருப்பவர் அதற்காகவே காத்திருப்பார். தொழில்களைப் பொது லாபியில்தான் விற்க முடியும் என்பது பழைய கதை. அதே 2022 ஜூலை அப்டேட்டிலிருந்து நீங்கள் அழைத்தவர் மட்டும் வரும் அழைப்பு லாபியிலேயே விற்கலாம். கூட்டத்தைப் பொறுத்துக் கிடைக்கும் கூடுதல் தொகை வராது, அவ்வளவுதான். சரக்கு உருப்படியாகப் போய்ச் சேரும்.

மோட் போட அசல் கோப்பையே திருத்துவது

மோட் என்றால் கேமில் ஆட்டக்காரர்கள் சேர்க்கும் மாற்றம். பிசியில் புதுக் கார் சேர்க்க ஆசை. கேம் கோப்புகளைத் திருத்தும் மென்பொருளான ஓப்பன்ஐவியைத் திறந்து, அசல் அப்டேட் கோப்புக்குள்ளேயே போய் மாற்றிவிடுவார்கள். ஏதாவது பிசகினால் கேமை மொத்தமாகத் திரும்ப டவுன்லோடு செய்ய வேண்டியதாகிவிடும். கேம் ஃபோல்டருக்குள் 'மோட்ஸ்' என்று தனி ஃபோல்டர் வைத்து, அப்டேட் கோப்பின் நகலை அதில் போட்டு, நகலில் மட்டும் கை வையுங்கள். கார் பட்டியல் கோப்பில் ஒரு வரி சேர்க்கும்போது, மேலே இருக்கும் வரியை நகலெடுத்து ஒட்டிப் பெயரை மட்டும் மாற்றுவது நல்லது. ஒரு குறி விட்டுப்போனாலும் கேம் லோடாகும்போதே விழும். கார்களை ஒரே மூச்சில் இருபது சேர்க்காமல் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள், எது கெடுத்தது என்று அப்போதுதான் தெரியும்.

கேமுக்கு அப்டேட் வந்த அன்று ஸ்கிரிப்ட் மோட்கள் நின்றுவிடும். அவற்றை இயக்கும் மென்பொருளான ஸ்கிரிப்ட் ஹூக்கின் புதுப் பதிப்பு வரும்வரை பொறுங்கள். மோட் இருக்கும் நிலையில் ஆன்லைனுக்குள் போவது தடையை விலை கொடுத்து வாங்குவது. 2024 செப்டம்பர் முதல் பிசி ஆன்லைனில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் பேட்டில்ஐ மென்பொருளின் காவல் இருக்கிறது. மோட் கதைக்கு மட்டும்.

சின்னப் பையன் சும்மா கார்தானே ஓட்டுகிறான் என்று விடுவது

இல்லை. அமெரிக்க மதிப்பீட்டில் 17 வயதுக்கு மேல், ஐரோப்பாவில் 18. கதையில் ட்ரெவராக நின்று ஒருவனைச் சித்திரவதை செய்யும் மிஷன் இருக்கிறது, கதை நகர அதைக் கடந்தாக வேண்டும். ஆன்லைனில் யார் பேசுகிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

போனுக்கு ஜிடிஏ 5 டவுன்லோடு

அப்படி ஒன்று கிடையாது. சான் ஆண்ட்ரியாஸும் வைஸ் சிட்டியும் போனில் உண்டு. ஜிடிஏ 5 என்ற பெயரில் போனுக்கு வரும் ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு) எதுவும் ராக்ஸ்டார் வெளியிட்டதல்ல, அதில் வருவது கேமும் அல்ல.