இளம் பிள்ளைகளைப் போதையிலிருந்து காக்க ஆகும் செலவும் கிடைக்கும் பயனும்: ஓர் ஊர்க் கணக்கை எழுதும் முறை

நெல்லைச் சீமையில் பள்ளி மேலாண்மைக் குழு கூடிப் போதைத் தடுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், "இதற்குப் பணம் எங்கே?" என்று யாரேனும் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆவேசமான பேச்சு அதற்கு விடையாகாது. எழுதிக் காட்டும் கணக்கே விடையாகும். பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்காக அக்கணக்கை எழுதும் முறையை இங்கே சொல்கிறேன்.

எதை வாங்குவதற்காகச் செலவிடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு பிள்ளை போதைப் பழக்கத்தைத் தொடங்கும் வயதைத் தள்ளிப்போடுவதையே அலகாகக் கொள்ளலாம். 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்கள், 21 வயதில் தொடங்கியவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகக் குடிக்கு அடிமையானதை அமெரிக்க ஆய்வொன்று கண்டது. இதற்கு வயது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், தள்ளிப்போடுவது வீண்வேலை அன்று என்பதற்கு இது போதிய சான்று.

அடுத்து, இன்றைய நிலையை அறிய வேண்டும். ஆசிரியர் வெளியே நிற்க, பெயரெழுதாத துண்டுச்சீட்டில் பிள்ளைகள் விடையெழுதி ஒரு பெட்டியில் போடட்டும். பீடி, கூல் லிப் என்னும் வாயில் அடக்கும் புகையிலை, மது, கஞ்சா ஆகியவற்றோடு முகரும் பசையையும் கட்டாயம் கேளுங்கள். 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறார்களிடம் கூடுதல் விகிதத்தில் காணப்பட்டது இந்த முகரும் வகை ஒன்றுதான். உண்மையில் இல்லாத கற்பனைப் பொருளொன்றின் பெயரையும் சேர்த்துவையுங்கள். அதையும் பயன்படுத்தியதாக எழுதும் சீட்டை விலக்கிவிட்டால், வீம்புக்கு எழுதியவர்களால் கணக்குக் கெடாது.

செலவுப் பக்கத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நன்கு ஆராயப்பட்ட குடும்பப் பயிற்சி ஒன்று, வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரமாக ஏழு வாரம் நடப்பது. முதல் மணி பெற்றோரும் பிள்ளைகளும் தனித்தனியே, இரண்டாம் மணி ஒன்றாக. அதே அளவில் இங்கு 60 குடும்பங்களுக்கு, வீட்டுக்கு ஒரு பெற்றோரும் ஒரு பிள்ளையுமாக, நடத்துவதாகக் கொள்வோம். பயிற்சியாளர் இருவருக்கு மாலைக்கு ஆயிரம் ரூபாய் வீதம் 14,000. 120 பேருக்குத் தேநீரும் சுண்டலும் தலைக்கு 15 ரூபாய் வீதம் ஏழு மாலைக்கு 12,600. இத்துடன் கணக்கை மூடிவிடுவது வழக்கம். ஆனால் முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் தாய், அந்த இரண்டு மணி நேரத்தில் சுற்றாமல் விட்ட பீடிக்குக் கூலி கிடையாது. பெற்றோர் ஒருவரின் மணி நேரத்தை 30 ரூபாய் என மதித்தால், 840 மணி நேரத்துக்கு 25,200 ரூபாய். ஆக மொத்தம் 51,800. அதில் ஏறக்குறையப் பாதி, யாரும் ரசீது எழுதாத செலவு. இதைக் கணக்கில் சேர்த்து ஈடு கொடுக்காவிட்டால், எந்த வீட்டுக்குப் பயிற்சி மிகத் தேவையோ அந்த வீட்டார்தான் வராமல் நின்றுவிடுவார்கள். இவை எடுத்துக்காட்டுத் தொகைகளே. உங்கள் ஊர்க் கூலியைக் கேட்டு எழுதுங்கள்.

பயன் பக்கத்தை அடக்கமாக எழுதுவது நல்லது. அயோவாப் பயிற்சியில் ஒரு டாலர் செலவுக்கு 9.60 டாலர் பயன் கிடைத்ததாக 2002இல் வெளியான ஆய்வு கணித்தது. அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்து வைப்பது சரியாகாது; அது அந்நாட்டின் சம்பளத்தையும் மருத்துவச் செலவையும் சார்ந்தது. நம் கணக்கில், 60 பேரில் மூவரின் தொடக்கம் தள்ளிப்போனதாகக் கொண்டால், ஒருவருக்கான செலவு ஏறத்தாழ 17,270 ரூபாய். அந்த மூவரில் ஒருவர் மட்டும் நாளுக்கு 30 ரூபாய் போதைக்கு விட்டிருப்பார் என்றால் ஆண்டுக்கு 10,950 ரூபாய். பத்தாண்டுத் தொகையை, வருங்காலப் பணத்தின் மதிப்பை ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு கழித்து இன்றைய மதிப்பாக்கினால், சுமார் 84,500 ரூபாய். முழுச் செலவையும் இந்த ஒரு வரியே ஈடுசெய்துவிடுகிறது. ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் வாய்ப்புற்று நோயாளிக்குத் துணையிருக்கும் மனைவி இழக்கும் கூலியை இதில் நான் சேர்க்கவே இல்லை. இந்தப் பயன் பல ஆண்டுகள் கழித்து, பல வீடுகளில் சிதறிக் கிடைப்பது. செலவோ இன்றே ஊராட்சியின் கையிலிருந்து போவது. தயக்கத்தின் வேர் இங்கே இருப்பதால், இதைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

பணம் அதிகம் வேண்டாதவற்றை முதலில் முடியுங்கள். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள்ளும், 18 வயது நிரம்பாதவருக்கும் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஓர் அளவுநாடாவும் ஒரு மனுவும் போதும். சிறாருக்கு மதுவோ புகையிலையோ கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால், அதற்கு வரி கொடுக்கும் வரிதாரர் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள், ஏனெனில் சாமிக்குப் படைத்ததுதானே என்று பையன் கையில் கொடுப்பவர் பலருக்கு அது குற்றமென்றே தெரியாது. பீடி சுற்றும் வீடுகளில் புகையிலைத் தூளை மூடியுள்ள தகர டப்பாவில் வைத்து உயரத்தில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பிடிபட்ட பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதைச் சிக்கனம் என்று எண்ண வேண்டாம். நின்றுபோன படிப்பும் ஒரு செலவே, அதையும் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். அத்தகைய பிள்ளைக்கு 14446 என்னும் தேசிய போதை மீட்பு எண்ணும், 1098 என்னும் சிறார் உதவி எண்ணும் உள்ளன.

ஓராண்டு கழித்து, அதே மாதத்தில், அதே துண்டுச்சீட்டைக் கொடுத்து மீண்டும் எண்ணுங்கள். கூடுமானால், பயிற்சி நடக்காத பக்கத்து ஊர்ப் பள்ளியிலும் அதே நாளில் எண்ணச் சொல்லி, இரண்டு ஊர்களுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே பயன் பக்கத்தில் ஏற்றுங்கள்.