கைக்குழந்தையோடு வெளிநாடு: டிக்கெட்டுக்கு முன்னால் பெயர்

கோடை விடுமுறை நெருங்கினால், காரைக்குடியில் எங்கள் டிராவல்ஸுக்கு வரும் இளம் தம்பதிகளில் பாதிப் பேர் மடியில் குழந்தையோடுதான் வருகிறார்கள். பினாங்கில் மாமா, சிங்கப்பூரில் தங்கை, துபாயில் அண்ணன் என்று யாராவது ஒருவர் இல்லாத வீடு செட்டிநாட்டில் குறைவு. "பிள்ளையைப் பார்க்கணும்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காக, ஒரு வாரம் போயிட்டு வந்துரலாம்னு இருக்கோம் அண்ணே" என்பார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் போன வருடம் வந்தவர்கள் செய்த தவறையே இந்த வருடம் வருபவர்களும் செய்கிறார்கள். டயப்பர் கூடுதலாக வையுங்கள், மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை உங்கள் வீட்டு அப்பத்தா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

பெயர் முடிவாகாமல் டிக்கெட் போடுவது

இந்த ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தேவகோட்டைப் பக்கத்துத் தம்பதி ஒன்று. ஐந்து மாதப் பெண் குழந்தை. கட்டணச் சலுகை என்று நடுராத்திரியில் ஃபோனிலேயே கோலாலம்பூருக்கு மூன்று டிக்கெட்டும் போட்டுவிட்டு, மறுநாள் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வந்தார்கள். பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். குழந்தையின் பெயர் என்ற இடம் காலி. தாயின் பெயர் மீனாள். தாயின் பாஸ்போர்ட்டை வாங்கினேன், அதில் மீனாட்சி. டிக்கெட்டில் குழந்தையின் பெயர் தியா. "தியாவா?" என்றேன். "அது நாங்க கூப்பிடுறது அண்ணே. அவுக அப்பத்தா பேரு உமையாள், அதைத்தான் வைக்கணும்னு ஐயா சொல்றாக. இன்னும் முடிவாகலை" என்றார் அப்பா. முடிவாகாத பெயரில் டிக்கெட் மட்டும் முடிவாகிவிட்டது.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் இல்லாமலும் பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. இந்த வசதிதான் நம்மவர்களுக்கு வினை. மூத்த பேரனுக்கு ஐயா பெயரா, புதுப்பெயரா என்ற பேச்சு இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆறு மாதம் ஓடும். சான்றிதழ் காலியாகவே கிடக்கும். ஆனால் 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழை மட்டுமே பாஸ்போர்ட்டுக்கு ஏற்கிறார்கள். ஆதார் இருக்கிறதே, தடுப்பூசி அட்டை இருக்கிறதே என்றெல்லாம் அங்கே பேச முடியாது.

தாயின் பெயர் எப்படி மீனாள் ஆனது? பிரசவத்துக்குச் சேர்த்த அன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தை, பதற்றத்தில் நின்ற தம்பி நிரப்பியிருக்கிறார். வீட்டில் கூப்பிடுகிற பெயரை எழுதிவிட்டார். நம் பக்கத்தில் மீனாட்சி மீனாளாவதும் விசாலாட்சி விசாலமாவதும் சகஜம். எழுதியவருக்குத் தவறென்றே தோன்றாது. பாஸ்போர்ட் அலுவலகத்துக்கோ அவர்கள் இரண்டு வேறு ஆட்கள். இதைத் திருத்த, குழந்தை எங்கே பிறந்ததோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் போக வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பக்கம் என்பதால் குழந்தை பிறந்தது மதுரையில். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே நடையாய் நடந்தார்கள்.

திருத்தம் முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வரும்போது பயணத் தேதி போய்விட்டது. சலுகை டிக்கெட்டில் பணம் திரும்பாது. எழுத்துப்பிழை என்றால் ஓரிரண்டு எழுத்தை மாற்றித் தருவார்கள். தியாவை உமையாள் ஆக்கித் தர எந்த விமானக் கம்பெனியும் சம்மதிக்காது. மூன்று டிக்கெட்டும் போச்சு.

இதன் இன்னொரு முகம் சர்நேம் கட்டம். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் அது காலி. இனிஷியலோடு வாழ்ந்து பழகியவர்கள். அப்பாவுடையது காலி என்பதால் குழந்தையுடையதையும் காலியாக விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்தது. சிலருக்கு விலக்கு உண்டு என்று பிறகு விளக்கமும் வந்தது. விளக்கத்தை நம்பி அழுகிற குழந்தையோடு செக்-இன் கவுண்டரில் வாதாடுவதைவிட, விண்ணப்பிக்கும்போதே அப்பாவின் பெயரைச் சர்நேமாகக் கொடுத்துவிடுவது சுலபம். இனிஷியலை அப்படியே போடாமல் பெயராக விரித்து எழுதுங்கள். ராம. சுப. என்று நான்கு தலைமுறையையும் உள்ளே கொண்டுவர வேண்டியதில்லை. அப்பா பெயர் ஒன்று போதும்.

ஆகவே வரிசை இதுதான்: பெயர், சான்றிதழ், பாஸ்போர்ட், விசா, கடைசியில் டிக்கெட். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடம் செல்லும். டிக்கெட் விலை ஏறிவிடுமே என்பீர்கள். ஏறட்டும், சரி. ஏறுகிற தொகை, மூன்று டிக்கெட்டும் போவதைவிடக் குறைவுதான்.

போட்டோ

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாஸ்போர்ட் மையத்தில் படம் எடுப்பதில்லை, நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஸ்டூடியோவுக்குப் புறப்படும்போதே ஆயா கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு வைத்து அனுப்பிவிடுகிறார். அதை முதலில் துடையுங்கள். அப்புறம், குழந்தையின் தலையைப் பின்னாலிருந்து பிடிக்கும் கை. வளையல் போட்ட நான்கு விரல் காதோரம் தெரியும் படங்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒன்றும் செல்லாது. வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் தரையில் விரித்து, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். நிழல் விழக்கூடாது, இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். வயிறு நிறைந்து, தூங்கி எழுந்த நேரமாகப் பார்த்துப் போங்கள்.

தொட்டில் கிடைக்கும் என்ற நம்பிக்கை

திருச்சியிலிருந்து போவது பெரும்பாலும் சிறிய விமானங்கள். அவற்றில் சுவரோரத் தொட்டில் பொதுவாக இருக்காது. மடிதான்.

இரண்டு வயது

இரண்டு வயது வரைதான் மடிக்கட்டணம். பிறந்தநாள் பயணத்துக்கு நடுவில் வந்தால், திரும்பும்போது தனி இருக்கை வாங்க வேண்டும்.

காது வலிக்கு மருந்து தேடுவது

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள். விழுங்கும்போது காதடைப்பு விடும். இறங்கும்போதுதான் அதிகம் வலிக்கும். தரை தொடுவதற்கு முக்கால் மணி முன்பே குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டால், அப்புறம் குடிக்காது; அதனால் கொஞ்சம் பசி மிச்சம் வைத்திருங்கள். குழந்தைக்கான பாலுக்கு 100 மில்லி கட்டுப்பாடு கிடையாது. பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். சோதனையின்போது தனியாக எடுத்துக் காட்டினால் போதும்.

தடுப்பூசியை மறப்பது

நம் ஊர்க் கணக்கில் தட்டம்மை ஊசி ஒன்பதாம் மாதம் தொடங்கும். வெளிநாடு போகிற குழந்தைக்கு ஆறு மாதத்திலிருந்தே ஒரு தவணை போடுவது உண்டு. அதைப் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் ஒரு மாதத்துக்கு முன்பே கேளுங்கள். பெட்டி கட்டுகிற அன்று கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கசகசா

அண்ணன் வீட்டுக்கென்று ஆத்தா அரைத்துக் கொடுக்கும் மசாலாப் பொடியில் இது இருக்கும். துபாயில் கசகசாவுக்குத் தடை, பிடிபட்டால் போதைப்பொருள் வழக்கு. சிங்கப்பூரிலும் அனுமதியில்லாமல் கொண்டுபோகக் கூடாது. குழந்தை சாமான் பைக்குள் செருகினால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. பார்ப்பார்கள்.

தங்கம்

வீட்டிலேயே இருக்கட்டும்.

ஒரே பயணத்தில் எல்லா ஊரும்

கோலாலம்பூர், லங்காவி, பினாங்கு, அப்படியே சிங்கப்பூர் என்று ஐந்து நாளுக்கு எழுதிக்கொண்டு வருகிறார்கள். மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. பெரியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. குழந்தையின் தூக்கம் பழகவே இரண்டு மூன்று நாள் ஆகும். ஜோகூரிலிருந்து பஸ்ஸில் சிங்கப்பூர் போவது மலிவு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பக்கம் ஒருமுறை, இந்தப் பக்கம் ஒருமுறை, பெட்டி சகிதம் இறங்கி வரிசையில் நின்று ஏற வேண்டும். குழந்தையை ஒருவர், பெட்டிகளை ஒருவர் என்று இழுத்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தைப்பூசத்தன்று பத்துமலை போவதானால் குழந்தையை உறவினர் வீட்டில் ஒருவரோடு விட்டுப் போங்கள். 272 படி, வெயில், கூட்டம். மற்ற நாளில் காலையிலேயே போனால் நிதானமாகக் கும்பிடலாம்.

வருகை அட்டை குழந்தைக்கு எதற்கு என்பது

மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை, கைக்குழந்தைக்கும் தனியாக வேண்டும். போய்ச் சேரும் தேதிக்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இரண்டுமே இலவசம். பணம் கேட்கும் பக்கம் திறந்தால் அது அரசாங்கத்தினுடையது இல்லை, மூடிவிடுங்கள்.